கழற்றி மாட்டிய கைப்பிடி

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. இங்கே அம்மா நலம், உன் தங்கை தேவைக்கு மேல் நலம், நானும் இடது கை ஆள்காட்டி விரல் நீங்கலாக நலம், அங்கே நீ ஒன்றும் நீங்கலாகாமல் முழுசாக நலமாக இருக்க வேண்டும். விரலுக்கு என்ன என்று பதறாதே, நீ அனுப்பிய பார்சலில் வந்த தூண்டில் நரம்பு கொஞ்சம் அறுத்துவிட்டது, தையல் இல்லை, கட்டுதான். ஆனால் நான் எழுதுவது இடது கையால் என்பதால் பேனாவை வாலுவிடம் கொடுத்திருக்கிறேன், சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியும் வைத்திருக்கிறேன். (அக்கா, கண்டிப்பாகத்தான் சொன்னார். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் வாலு. முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டுமாம், அப்போது அடைப்புக்குறியை ஒரே தாவலில் தாண்டிவிடுவேன்.) போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், வசதியாகச் சிக்னலும் போய்விடும், அதனால்தான் கடிதம். லீவுக்கு வரும்போது அந்த நண்பரையும் அழைத்து வரட்டுமா என்று கேட்டாயே, அதற்கு என் பதில் இதில் இருக்கிறது. ஆனால் கடைசியில் இருக்கிறது. நேராக அங்கே போய் இறங்காமல் வரிசையாகப் படி.

முதலில் அந்த "நண்பர்" என்கிற சொல். உன்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண்களை அவள் இவள் என்பாய், உன் மேலதிகாரியை அந்த மூஞ்சி என்பாய், இந்த ஓர் ஆளுக்கு மட்டும் அவர் சொன்னார், அவர் தேர்ந்தெடுத்தார் என்று மரியாதை சொட்டுகிறது. நான் டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகன். ஏறியதும் என்னைப் பார்த்து வணக்கம் சார் என்று எழுந்து நிற்கிறவனிடம்தான் டிக்கெட் இருக்காது. மரியாதை கூடினாலே எனக்கு மூக்கு வேர்க்கும். அந்த ஆள் லிஃப்ட் மெக்கானிக் என்றாய், நல்ல வேலைதான், ஆனால் ஆளை ஏற்றிவிடுவதே தொழிலாக இருப்பவரிடம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும். (பாதியில் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்டார். அதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.) உன் அம்மாவிடம் இவர் யார் என்று கேட்டேன். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லித் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். உண்மையிலேயே தெரியாதவளாக இருந்தால் மிதியை நிறுத்திவிட்டு, யாருங்க அது என்று என்னையல்லவா கேட்டிருப்பாள்? ஆக இந்த வீட்டில் எனக்கு மட்டும் ஏதோ சொல்லப்படவில்லை என்று அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

அப்புறம், அவர் தேர்ந்தெடுத்ததாக நீ சொன்ன பார்சல் வந்தது. நான் ஓய்வு நாளில் நெட்டை டிரைவரோடு நீர்த்தேக்கத்துக்குப் பாஸ் மீன் பிடிக்கப் போவதும், அவருடைய பழைய தூண்டில் கோலையே இரவல் வாங்கி வீசுவதும் உனக்குத் தெரியும். பாஸ் மீனைப் போல எனக்குப் பிடித்த மீன் வேறு இல்லை, வாய் பெரிசு, சந்தேகம் அதைவிடப் பெரிசு, தூண்டிலில் மாட்டிய ரப்பர் புழுவின் பின்னாலேயே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு இது சரியில்லை என்று திரும்பிப் போய்விடும். (அப்பாவும் அதுவும் ஒரே ஜாதகம்.) சரி, பார்சலை மேஜையில் பிரித்து வைத்தேன். ஒரு கோல், ஒரு ரீல், இரண்டு சுற்று நரம்பு, ஒன்று தடிமன், ஒன்று மெலிசாகப் பின்னியது. எதிலும் பளபளப்பு இல்லை, தங்க முலாம் இல்லை, சிவப்புக் கோடு இல்லை. விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஏன் சுரண்ட வேண்டும், மலிவு என்று மறைக்கவா, அதிகம் என்று மறைக்கவா? அம்மாவிடம் கொஞ்சம் பஞ்சு வாங்கிக் கோலின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்தேன். வளையத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் பஞ்சு சிக்கிக் காட்டிக்கொடுத்துவிடும், அந்தக் கீறல்தான் நாள்பட நரம்பைத் தேய்த்து, நல்ல மீன் மாட்டும் நேரமாகப் பார்த்துக் கைவிரிக்கும். ஒரு வளையத்திலும் சிக்கவில்லை. எனக்குச் சந்தேகம் கூடியது. கோல் இரண்டு துண்டாகக் கழற்றுவது, பொருத்திவிட்டு ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. நுனியைக் கூரையில் முட்டக் கொடுத்து வளைத்தேன், நுனி மட்டும் வளைந்தது, நடுவும் அடியும் விறைப்பாக நின்றன, பாஸ் மீனுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ரீலைக் காதோரம் வைத்து மெதுவாகச் சுற்றினேன், கரகரப்பு இல்லை. மீன் இழுத்தால் நரம்பை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று வைக்கிற திருகு ஒன்று ரீலின் முன்னால் இருக்கும், அதைத் தளர்த்தி இறுக்கி இழுத்துப் பார்த்தேன், வெட்டி வெட்டி இழுக்காமல் ஒரே சீராக வந்தது. அந்தத் திருகுதான் உங்களுக்கு வைக்காம அனுப்பிட்டாங்க என்றாள் உன் அம்மா, மெஷினை நிறுத்தாமலே.

ஆனால் ஒன்று மாட்டியது. ரீலின் கைப்பிடி வலது பக்கம் இருந்தது. கடையில் பெட்டியைப் பிரித்தால் கைப்பிடி இடது பக்கம்தான் இருக்கும், எல்லோரும் வலது கையால் வீசி இடது கையால் சுற்றுவார்கள், டிரைவருடையதும் அப்படித்தான். இது மாறியிருக்கிறதே என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், எதிர்ப் பக்கத்து மூடியில் லேசாக ஒரு கீறல், ஓரத்தில் விரலால் துடைத்த கிரீஸ். யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். புதுசை யார் கழற்றுவார்கள்? அப்படியென்றால் இது யாரோ வைத்திருந்த பழசு, துடைத்துப் பெட்டியில் போட்டு உன் தலையில் கட்டி, நீ அதை என் தலையில் கட்டியிருக்கிறாய். அதற்குத்தான் விலைச் சீட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. (ரீல் அனுப்பினானா, ரீல் விட்டானா என்று வீடு முழுக்க நடந்தார் அக்கா. கயிறு திரிக்கிறவன் நரம்பும் அனுப்புவான் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். மன்னித்துக்கொள், வரி நன்றாக வந்துவிட்டது.) அன்றைக்கே வேண்டாம் என்று உனக்கு எழுதிவிடத்தான் இருந்தேன். எதற்கும் இன்னொரு வாயால் கேட்போம் என்று தூண்டில் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் பையைத் திறப்பதற்கு முன்பே உச்சுக் கொட்டினார், திறந்ததும் பெட்டியையும் நரம்புச் சுற்றுகளையும் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்தார். இதை யார் சார் உங்க தலையில கட்டினது, கோல்ல உயிரே இல்ல, ரீல்ல எத்தனை பேரிங்குன்னு பெட்டியில போடக்கூட இல்ல பாருங்க என்று சொல்லி, தங்க நிறத்தில் ஒன்றை எடுத்துக் கையில் திணித்தார். பேரிங் எண்ணிக்கை அதில் ரீலைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. சுற்றினால் ஆட்டுக்கல் சத்தம். பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குறை சொல்கிறவர் எதைப் பார்த்துச் சொல்கிறார், என் பையைப் பார்த்தா, பர்ஸைப் பார்த்தா? நான் ஒன்றும் வாங்கவில்லை. கிளம்பும்போது, அந்தத் தடிமனான நரம்பைத் தூக்கிப் போடுங்க சார், மெலிசா பின்னல் நரம்பு இருக்கு பாருங்க அதையே சுத்துங்க என்றார். விற்காமல் சொன்னதால் அதை மட்டும் நம்பி, மெலிசையே ரீலில் சுற்றினேன். இத்தனை பேரைச் சந்தேகப்படுகிற நான், இலவசமாகச் சொன்ன ஒன்றை அப்படியே நம்பினேன் பார்.

ஓய்வு நாள் காலையில் டிரைவரோடு கரையில் நின்றேன். கைப்பிடியை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷ வேலைதான், ஆனால் நான் மாற்றவில்லை, உன்னிடம் காட்டுவதற்குச் சாட்சி கலையக்கூடாது. கைப்பிடி வலது பக்கம் என்றால் வலது கையால்தான் சுற்ற முடியும், அப்போது கோலை இடது கையில்தான் பிடிக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே இடது கையால் வீசினேன். புழு போனது போனதுதான், தண்ணீருக்குள் ஒரு பட்ட மரம் நிற்குமே, என் வீச்சு ஒரு நாளும் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை, அதையும் தாண்டிப் போய் விழுந்தது. தற்செயலாக இருக்கும் என்று இன்னொரு தடவை வீசினேன். மறுபடியும் அங்கேயே. டிரைவர் வாயைப் பிளந்து, சார், அப்ப இத்தனை வருஷமா நீங்க தப்புக் கையிலயா வீசிட்டு இருந்தீங்க என்று கேட்டார். இரவல் கோல் வலது கைக்காரருடையது, அதனால் நானும் வலது கைக்காரனாகவே வீசக் கற்றுக்கொண்டு, வலது எனக்கு வராத கை என்பதையே மறந்துவிட்டிருக்கிறேன். நான் மறந்ததை ஊர் பேர் தெரியாத லிஃப்ட் மெக்கானிக் நினைவு வைத்து, புது ரீலைக் கழற்றி, எனக்காக மாற்றி மாட்டி அனுப்பியிருக்கிறான். அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு நின்றதில் புழு அடியில் போய் மரத்தில் சிக்கிவிட்டது. பின்னல் நரம்பு சிக்கினால் கையில் சுற்றாமல் ஒரு குச்சியில் சுற்றி இழுக்கச் சொல்லுங்கள் என்று அந்த மெக்கானிக் சொன்னதாக நீ போனில் சொன்னாய், எனக்கே பாடமா என்று அப்போது காதில் வாங்கவில்லை. விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். மெலிசு என்றால் கத்திபோல மெலிசு. உன் அம்மா கட்டுப் போடும்போது, மீனைப் பிடிக்கப் போனா மீன் வரணும், இவருக்கு விரல்ல வருது என்றாள். (பாஸ் மீனுக்குப் போனவர் ஃபெயிலாகித் திரும்பினார். இது என்னுடையது.)

வீட்டுக்கு வந்து விசாரணை வைத்தேன். எனக்கு இடது கை என்று அந்த ஆளிடம் யார் சொன்னது? அம்மா இல்லை என்றாள், வாலு இல்லவே இல்லை என்றாள், அவள் இல்லை என்றால் நான் நம்புவதில்லை, ஆனால் இந்தத் தடவை கண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஆக நீதான். இப்போது நீயே சொல், ஒரு நண்பரிடம் எந்தப் பேச்சில் அப்பாவின் இடது கை வரும்? மழை பேச்சில் வராது, சம்பளப் பேச்சில் வராது, லிஃப்ட் ரிப்பேர் பேச்சில் வரவே வராது. டிரைவர் எனக்கு உயிர் நண்பர், அவருடைய அப்பா எந்தக் கையால் எழுதினார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் வேலை முடிந்து எங்கேயோ வெகுநேரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகும் எழுந்து போக மனமில்லாமல், அப்பா எப்படி எழுதுவார், எப்படிக் கத்தரிக்கோல் பிடிப்பார் என்பது வரைக்கும் வந்திருக்கிறீர்கள். இதைப் போய் நண்பர் என்கிறாய். (அக்கா, இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பொண்ணு மனசைத் தெரிஞ்சுக்க உங்களுக்கு ஒரு மீன் குச்சி வேண்டியிருக்கு என்று அம்மா கேலி செய்தாள். மெஷின் நின்றிருந்தது.)

அதற்காக உடனே உருகிவிட்டேன் என்று நினைக்காதே. கைப்பிடியை மாற்றியதைச் சொல்லிக் காட்டாமல் விட்டிருக்கிறானே, நானாகக் கண்டுபிடித்தால் ரொம்ப மெச்சுவேன் என்று நூல் விட்டுப் பார்த்தானோ என்றும் சந்தேகப்பட்டேன். இருக்கலாம். அப்படி இருந்தாலும் உட்கார்ந்து என்னைப் பற்றித்தானே யோசித்திருக்கிறான். பொருள் வாங்கியதில் குறை சொல்ல முடியவில்லை, பெயின்டுக்கும் பெயருக்கும் கொடுக்காமல் வளையத்துக்கும் திருகுக்கும் கொடுத்திருக்கிறான். நீயும் அங்கே அவனோடு தண்ணீர்ப் பக்கம் போகிறாயாக இருந்தால் கேட்டுக்கொள், முதலில் கோலைப் பார், அடுத்தது ரீல், நரம்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதே, மீனுக்கும் உனக்கும் நடுவில் அது ஒன்றுதான் இருக்கிறது. கல்லும் மரமும் உள்ள இடத்தில் அவன் அனுப்பிய தடிமனான நரம்புதான் சரி, கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்னதை இப்போது நான் சுற்றியிருக்கிறேன். நரம்பை வருஷா வருஷம் மாற்று, வெயிலில் கிடந்தது பார்க்க நன்றாக இருக்கும், இழுத்தால் நம்பிக்கைத் துரோகம் செய்யும். (நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து இல்லை, மாற்று நரம்புதான்.) வழுக்காத செருப்புப் போட்டுக்கொள். நின்றுகொண்டே சாப்பிடாதே. ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம் என்று அந்த மூஞ்சியிடம் வாய் திறந்து சொல்.

இனி உன் கேள்விக்குப் பதில். அந்தப் பையனை நண்பர் என்று சொல்லி அழைத்து வராதே. அப்படி வந்தால் கூடத்தில் உட்கார வைத்து, குடிக்க ஏதாவது கொடுத்து, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டு மரியாதையாக அனுப்பிவிடுவேன், மகளுடைய நண்பருக்கு ஓர் அப்பா செய்யக்கூடியது அவ்வளவுதான். நீ அவனை மனசில் என்னவாக வைத்திருக்கிறாயோ, அந்தப் பெயரைச் சொல்லியே அழைத்து வா. அந்த உறவுக்கு எவ்வளவு சந்தேகப்பட வேண்டுமோ அவ்வளவும் பட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள், பார்த்தாயா, இரண்டு பேரும் என்று எவ்வளவு சரளமாக வருகிறது அவளுக்கு. நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, வயிறு நிறைந்து, தூக்கம் கெடாமல் இருக்க என் ஆசி. வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா

(கையெழுத்தை மட்டும் நானே போடுவேன் என்று பேனாவைப் பிடுங்கி வலது கையால் போட்டார். கோழி கிளறிய மாதிரி இருக்கிறதே, கள்ளக் கையெழுத்தோ என்று நினைத்துவிடாதே, அக்கா. நான் போட்டிருந்தால் இதைவிட அழகாக, அச்சு அசல் அப்பா மாதிரியே இருந்திருக்கும். சீக்கிரம் கூட்டிக்கொண்டு வா, அப்பா இப்போதே வாசலில்தான் நிற்கிறார்.)