லேபிள் சாரின் கட்டைவிரல்

மார்ச் 3
இன்றும் உரித்தேன். ஐந்து வருடமாக உரிக்கிறேன். எங்கள் படிகம் புத்தகம் மாதிரி, தாள் மேல் தாளாக அடுக்கியது. டேப்பை ஒட்டி இழுத்தால் பிரிந்து வரும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தாள், அணு கனத்தில். அதைக் கடுங்குளிரில் வைத்தால் மீக்கடத்தியாகி, மின்தடை சுத்தமாகப் பூஜ்யமாக வேண்டும். இன்று வந்தது எட்டுத் தாள் கொத்து. பேராசிரியர் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள பூஜ்யம் வரலேன்னா மூட்டை கட்டிடலாம்மா." அம்மா போனில், "ஒரு தாளை உரிக்க அஞ்சு வருஷமாடி?" என்கிறாள்.

மார்ச் 6
இருப்புச் சோதனை. அலுவலகத்திலிருந்து லேபிள் சார் வந்தார். கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்ட லேபிள் ஒட்டுவதுதான் அவர் உத்தியோகம். படிகம் எங்கே என்றார். காட்டினேன்.
"நகத்தளவுதான் இருக்கு, இதுல எங்க சார் ஒட்டுவீங்க?"
"சின்ன லேபிளும் இருக்கும்மா."
ஓடிக்கொண்டிருந்த வேக்குவம் பம்பை நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் ஒட்டிவிட்டார். கட்டைவிரலால் அழுத்தி வேறு! ஐயோ.

மார்ச் 7
பாவி மனுஷன். லேபிளைப் பிய்த்தேன், மேல்பாகம் அதோடு போச்சு. குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 10
புகார் எழுத உட்கார்ந்தேன். சாட்சி வேண்டுமே என்று லேபிளைக் கூடையிலிருந்து எடுத்தேன். (நல்ல வேளை, இந்தப் படிகம் காற்றுபட்டுக் கெடாது.) பழக்கதோஷம், கை தானாக அதைச் சிலிக்கான் சில்லில் ஒற்றி எடுத்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் — மங்கலாக ஒரு நிழல். ஒரே தாள்! திரும்பத் திரும்ப எண்ணினேன். ஒன்றை எத்தனை தடவை எண்ணுவது?

மார்ச் 14
பூஜ்யம். மைனஸ் இருநூற்று எழுபது டிகிரியில் மின்தடை தொப்பென்று விழுந்தது. பேராசிரியர் ஸ்டூலில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்தார். எழுந்ததும், "ஒரு தடவை வந்தா அதிர்ஷ்டம். இன்னும் மூணு தடவை காட்டு" என்றார்.

மார்ச் 17
புகாரைக் கிழித்துப் போட்டேன். லேபிள் சாரிடம் போய் லேபிள் சுருள் ஒன்று கேட்டேன்.
"ஒரு பொருளுக்கு ஒரு லேபிள்தாம்மா. ஏன், நான் ஒட்டுனது என்னாச்சு?"
பிய்த்துக் கூடையில் எறிந்ததைச் சொல்லவா முடியும்? திரும்பி வந்தேன்.

மார்ச் 18
மண்டையில் உறைத்தது. படிகத்தைப் பதினொரு துண்டாக உடைத்தேன். பொருள் பதினொன்று!
லேபிள் சாருக்குத் தாங்காத சந்தோஷம். "மத்த லேப்ல எல்லாம் பொருள் குறையத்தான் செய்யுது. நீங்க பெருக்கியிருக்கீங்க." நிதானமாகப் பத்து ஒட்டினார். பதினோராவதை நான் கேட்டு வாங்கி ஒட்டினேன்.

மார்ச் 26
அவர் அழுத்திய பத்தில் ஏழு, ஒரே தாள். நான் அழுத்தியது தடிதடியாக வந்தது. மூன்றைக் குளிர்வித்தோம், மூன்றும் பூஜ்யம். பேராசிரியர் என் நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்!
லேபிள் சாரைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினேன். "ஜீரோ காட்டுதே. ரிப்பேராம்மா?" என்றார், நிஜமான அனுதாபத்தோடு.

மே 9
ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த நடுவர் கேட்கிறார்: எவ்வளவு அழுத்தம்? சமையல் தராசைக் கொண்டுபோய் அவரை அழுத்தச் சொன்னேன். எண்ணூற்று நாற்பது கிராம். பத்து தடவையும் அதே எண்ணூற்று நாற்பது. "இருபத்தெட்டு வருஷமா ஒட்டுறேன்மா." அதே எடையில் இரும்புக் கட்டியை வைத்துப் பார்த்தேன். தடிதடியாகத்தான் வந்தது.
அடுத்த மாதம் அவருக்கு ஓய்வாம். எனக்கு இன்னும் நாற்பது அளவீடு பாக்கி. பேராசிரியரிடம் ஓடினேன்.

ஜூன் 2
லேபிள் சாருக்குப் பணிநீட்டிப்புக் கேட்டுப் பேராசிரியர் எழுதியிருந்தார். அலுவலகத்தின் பதில்: ஆட்களுக்கு நீட்டிப்புக் கிடையாது. சோதனைக்கு அவசியமான கருவி என்றால், அதன் எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம்.
லேபிள் சார் அதை இரண்டு தடவை படித்தார். இருப்புப் பதிவேட்டைத் திறந்து புது வரி ஒன்று எழுதினார். சுருளிலிருந்து லேபிளைக் கிழித்து வலது கட்டைவிரலில் ஒட்டினார். இடது கையால் அழுத்திப் பார்த்தார், நிற்கவில்லை.
"நீங்க அழுத்துங்கம்மா" என்று விரலை நீட்டினார்.
என்னால் முடிந்த மட்டும் அழுத்தினேன். இது ஒன்றாவது பிய்ந்து வரக்கூடாது.