பாரவோன் வீட்டுத் தலைச்சன்

12 பிப்ரவரி 1959

நேற்று தவக்காலம் தொடங்கும் விபூதித் திருநாள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கூப்பிட்டார். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் கோயில் மைதானத்தில் போடும் நாடகம் இந்த வருஷம், எபிரேயரை எகிப்து ராஜா பாரவோனிடமிருந்து மீட்ட மோயீசன் கதையாம். "நீங்க சரித்திர டீச்சர். எழுதிக் குடுங்க. பாரவோன் எந்த ராஜான்னும் பாத்துச் சொல்லுங்க." சரி என்றேன். மறுப்பதற்கும் தெம்பு வேண்டும்.

15 பிப்ரவரி

ரசம் வைத்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரரும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார்.

21 பிப்ரவரி

கல்லூரியில் வாங்கிய எகிப்து சரித்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். வேதாகமத்தில் ராஜாவுக்குப் பெயர் இல்லை, பாரவோன், அவ்வளவுதான். எபிரேயர் கட்டிய ஊரின் பெயரை வைத்துப் பலர் ராம்சேஸ் என்கிறார்கள். ஆனால் அவன் வேதத்துப் பாரவோனைப்போலக் கடலில் சாகவில்லை. கிழவனாகி இறந்தான். உடம்பு இன்னும் கெய்ரோவில் இருக்கிறது. அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவன் பதின்மூன்றாவது மகன். மூத்தவர்கள் எல்லாரும் தகப்பனுக்கு முன்பே போய்விட்டார்கள். அந்தப் பதின்மூன்றாமவன் தன் கல்லில் இஸ்ராயேல் அழிந்தது, அதற்கு வித்தே இல்லை என்று வெட்டியிருக்கிறான். இங்கே வேதத்தில் அவர்கள் கால் நனையாமல் கரையேறுகிறார்கள்.

எதை நம்புவது? இரண்டையும் படித்தேன். எதுவும் உள்ளே போகவில்லை.

1 மார்ச்

ஒத்திகை. பாரவோன் மனைவியாக ராயப்பராஜ். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சேலை கட்டினால் இந்தப் பங்கில் அவனுக்கு ஈடில்லை. ஆண்டவர் தண்டனையில் எகிப்து வீடுகளின் மூத்த பிள்ளைகள் எல்லாம் சாகும் ராத்திரி, பாரவோன் வீட்டுத் தலைச்சன் செத்துக் கிடக்கும் இடம் வந்தது. முந்தானையை இழுத்துவிட்டுக் கேட்டான்: "டீச்சரம்மா, எம் மகன் பேரு என்ன?"

"பெயர் கிடையாது. வேதத்தில் இல்லை."

"பேரு இல்லாம எப்பிடி அழுகுறது? பேரைச் சொல்லிக் கூப்புட்டாத்தான் ஒப்பாரி. இல்லைன்னா அது பல்லுவலிக்குக் கத்துறது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

3 மார்ச்

பெயர்.

போன வருஷம் ஆகஸ்டில் இன்னாசியைத் திருச்சி ஆஸ்டலிலிருந்து விஷக்காய்ச்சலோடு கொண்டுவந்தோம். ஆறாம் நாள் போய்விட்டான். பத்தொன்பது வயது, எங்கள் ஒரே பிள்ளை. தாடிக்கொம்பிலிருந்து என் அத்தைமார் வந்து தோளைக் கட்டிக்கொண்டு அவன் பேரைச் சொல்லித் தொடங்கினார்கள். அவன் அப்பா எழுந்து, "வேதக்காரங்க ஒப்பாரி வைக்கக் கூடாது, செபமாலை சொல்லுங்க" என்றார். சொன்னோம். அழகாகத்தான் அடக்கம் நடந்தது.

அன்றோடு அந்தப் பெயர் இந்த வீட்டில் நின்றுபோயிற்று. அவரும் சொல்வதில்லை. நானும். "மேல் அறை" என்கிறோம், "அந்தச் சைக்கிள்" என்கிறோம். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை இல்லை. ஏன் இப்படி மரத்துப்போனேன்?

8 மார்ச்

ராம்சேஸின் மூத்த மகன் பெயரைப் புத்தகத்தில் கண்டு ராயப்பராஜிடம் சொன்னேன்: அமுன்ஹெர்கெப்ஷெப்.

"ஏ ஆத்தி! இதைச் சொல்லி அழுதா எம் பல்லுல்ல கழண்டு விழும்! ராசா வீட்டுல தொட்டில்ல போட்டுக் கூப்புட ஒரு சின்னப் பேரு இருந்திருக்காதா?"

இருந்திருக்கும். யார் எழுதி வைப்பார்கள்? ராஜாக்கள் ஜெயித்ததைத்தான் கல்லில் வெட்டுகிறார்கள். கல்லில் அழுகை இல்லை. வேதத்தில் அழுகை இருக்கிறது, பெயர் இல்லை.

14 மார்ச்

எழுதிவிட்டேன். அந்த இடத்தில் இன்னாசி என்று போட்டேன்.

16 மார்ச்

சாமியார் படித்துவிட்டு, "எதிரி வீட்டுக்கு ஒப்பாரியா?" என்றார். எகிப்தில் சாவு இல்லாத வீடில்லை, பெருங்கூக்குரல் எழும்பிற்று என்ற வசனத்தைக் காட்டினேன். தாளைத் திருப்பினார். பெயர் இருந்த வரியில் கண் நின்றது. "வீட்ல பாஸ்கல் சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது, சாமி."

சாமியார் அந்தப் பெயரை அடித்துவிடவில்லை. தாளைத் திருப்பித் தந்தார்.

29 மார்ச்

பாஸ்கு ஞாயிறு. நாளை அவர் முன்வரிசையில் உட்காருவார். சொல்லிவிடலாமா? சொன்னால் வரமாட்டார். அல்லது பெயரை எடுக்கச் சொல்வார், நான் எடுத்துவிடுவேன். சொல்லவில்லை.

31 மார்ச்

நேற்று மைதானம் கொள்ளாத கூட்டம். ராயப்பராஜ் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்து, "என்னப் பெத்த இன்னாசி" என்று எடுத்தான்.

பாயில் இருந்த பெண்கள் ஒரு நிமிஷம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தாடிக்கொம்பு ஜெயமேரி அத்தை என் தோளைக் கட்டினாள். ஒருத்தி எடுத்த ஒப்பாரியைத் தனியே விடுவது இந்தப் பக்கத்து வழக்கமில்லை. நாடகம் என்றாலும் விடவில்லை. பத்துப் பேர், பிறகு எத்தனை பேரோ. மோயீசன் கோலோடு மேடைக்கு வந்தார், நின்றார், மறுபடி உள்ளே போய்விட்டார். நடுவில் ஒரு குரல் கரகரவென்று, கூட்டத்துக்குச் சேராமல், எல்லோரையும்விட உரக்க— அது என் குரல் என்று செத்த நேரம் கழித்துத்தான் தெரிந்தது. யய்யா, இன்னாசி, எங்கய்யா போன, ஆத்தாள விட்டுட்டு—

அவர் எழுந்தார். நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்தேன். முன்வரிசையில் முதுகைக் காட்டி அப்படியே நின்றார். கையில் துண்டு இருந்தது. முகத்தைப் பார்க்க முடியவில்லை.



2 ஏப்ரல்

தொண்டை கட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதியே ஓட்டினேன்.

8 ஏப்ரல்

காலையில் காப்பியை ஆற்றிக்கொண்டே அவர், "இன்னாசிக்குச் சுக்குக்காப்பி ஆகவே ஆகாது, இல்ல?" என்றார்.

"ஜன்னல் வழியா ஊத்திருவான்" என்றேன்.

"அதான் அந்த முருங்கை அப்பிடிக் காச்சுச்சா?"

பள்ளிக்கு மணி அடித்த பிறகுதான் போனேன்.