நைனா இன்னும் நல்லாகவில்லை, அம்மா

பசிக்கிறதா என்று கேட்டால் எப்போதும் "இப்பதான் சாப்ட்டேன்" என்று பொய் சொல்லும் என் அம்மாவுக்கு,

நீ போன பிறகு வந்த முதல் ஆடிக் கிருத்திகை போன வாரம் முடிந்தது. மலை முழுக்க மஞ்சள் துணி. ரயில் ஸ்டேஷன் வரைக்கும் அரோகரா. ஊரே தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது. நம் வீட்டிலும் சத்தம் இல்லை, ஆனால் காரணம் வேறு. நைனா என்னோடு பேசுவதில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். அந்த நான்தான் பேசிக் கெடுத்துவிட்டேனாம்.

நீ இருந்தபோது எல்லாரும் நினைத்தது போலத்தான் நானும் நினைத்தேன். மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தாயிற்று, இனி நைனா பழைய நைனா. "ஒரு ஆறு மாசம் சைக்கிள் கடைய பாத்துக்கோ, அப்பால பள்ளிக்கூடம் போலாம்" என்று என்னை நிறுத்தினாய். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை, அம்மா.

காலில் இருந்து எடுத்து நெஞ்சில் வைத்துத் தைத்த ரத்தக் குழாய்களில் ஒன்று மறுபடி அடைத்துக்கொண்டது. பிரஷரும் இறங்க மாட்டேன் என்கிறது. மெட்ராஸ் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இன்னொரு தடவை திறக்க முடியாதும்மா. இனிமே இந்த வலி கூடவேதான் இருக்கும். வச்சிக்கிட்டு வாழப் பழகணும்." யார் பழகணும் என்று அவர் சொல்லவில்லை.

குத்தும் வலி இல்லையாம். "யாரோ நெஞ்சு மேல முட்டிய வெச்சி அழுத்தறாப்ல கீது" என்பார். தாடை வரைக்கும் ஏறும். சாப்பிட்டதும் நடந்தால் வரும், குளிர்ந்த காற்று பட்டால் வரும், கோபப்பட்டால் நிச்சயம் வரும். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தால் நெஞ்சு வலி விடும், தலைவலி பிடிக்கும். உப்பில்லாத சோற்றை முன்னால் வைத்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்து வீட்டில் போய் "பொண்ணு கேக்குது" என்று ஊறுகாய் வாங்கித் தின்றிருக்கிறார். எனக்கு ஊறுகாயே பிடிக்காது.

இதெல்லாம் வீட்டுக்குள். வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது. வாடகை சைக்கிளுக்கெல்லாம் நான்தான் காற்றடிக்கிறேன், பஞ்சர் ஒட்டுகிறேன். கே.ஜி.கண்டிகையில் இருந்து வருவாரே பால்காரர், ஒருநாள் கடை வாசலிலேயே கேட்டுவிட்டார்.

"இன்னாபா, நெஞ்சப் பொளந்து எல்லாம் புச்சா மாத்திக்கினு வந்தியே, இன்னும் பொட்டப்புள்ளைய காத்தடிக்க உட்டுகினு ஒக்காந்துகினு கீற?"

"அவளுக்குத் தொழில் கத்துக் குடுக்கறேன்யா" என்று நைனா சிரித்தார். பம்பை அழுத்துவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பால்காரர் அந்தப் பக்கம் போனதும் நைனா மாத்திரை டப்பாவை என்னிடம் கேட்டார்.

உன்னை எப்படிக் கவனிக்காமல் விட்டோம்? வீட்டில் எல்லார் கண்ணும் நைனா நெஞ்சு மேலேயே இருந்தது. உன் கண் மஞ்சளாக இருந்ததை உன்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு நீ பாட்டுக்கு வேலை செய்தாய். "சொன்னா அவுருக்கு பிரஷரு ஏறும்" என்று கடைசியில்தான் சொன்னாய். நோயாளியைக் காப்பாற்றி வைத்துவிட்டு நல்லா இருந்தவள் போய்ச் சேர்ந்தாய். இதை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

போகிறவள் உன் வேண்டுதலையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆபரேஷன் அறை வாசலில் மஞ்சள் துணியில் காசு முடிந்து, "அவுரு நல்லா ஆயிட்டா காவடி தூக்கிகினு படி ஏறி வருவாரு முருகா" என்றாயே. வேண்டிக்கொண்டவள் நீ. கால் அவருடையது. நெஞ்சும் அவருடையது.

ஆடி பிறந்ததும் கனகம்மாசத்திரத்து அத்தை மயில்தோகை வைத்த காவடியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்த உடனே என்னைத்தான் பிடித்தாள்.

"இன்னாடி, உங்கம்மா சாமிக்கு சொன்னத அப்டியே கெடப்புல போட்டுட்டீங்களா? வருசம் திரும்பலன்னு சாக்கு சொல்லாத, வேண்டுதலுக்குத் தீட்டு இல்ல. சாமி சும்மா உடுமா? அதான் அவளயே எடுத்துகிச்சி."

"மேல வரிக்கும் பஸ்ஸு போவுதே அத்த" என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"பஸ்ல ஏத்திகினு போனா அது காவடியாடி? பார்சலு!"

நைனா அவளைத் தடுப்பார் என்று பார்த்தேன். "உங்கம்மா எனக்காவ கேட்டது அது ஒண்ணுதாம்மா" என்று எழுந்துவிட்டார். அவர் வேண்டுதலை முடிக்காததால்தான் சாமி உன்னை எடுத்துக்கொண்டது என்று அத்தை சொன்னதை அவர் நம்பிவிட்டார், அம்மா. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிருத்திகை அன்று நைனாவைச் சரவணப் பொய்கையில் குளிக்க வைத்து, மஞ்சள் வேட்டி கட்டிவிட்டு, காவடியைத் தோளில் வைத்தார்கள். படி ஏற ஆரம்பித்ததுமே அவர் காவடியைச் சரி செய்வது போல நின்றார். கொஞ்சம் ஏறி மறுபடி நின்றார். தாடையைத் தேய்த்தார். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. பின்னால் இருந்தவர்கள், "வழி உடுங்க, ஏறுங்க சாமி" என்று கத்தினார்கள். "அரோகரா சொல்லு, தானா ஏறும்" என்றாள் அத்தை.

நான் முன்னால் போய் அவருக்கு நேராக நின்றுகொண்டேன்.

"நைனா, எறக்குங்க."

"தள்ளுடி, சாமி குத்தம்!" அத்தை என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா குத்தம்? நல்லா ஆனாதான காவடின்னு அம்மா சொல்லிச்சி? எங்க நல்லா ஆச்சி? ஒரு சைக்கிளுக்குக் காத்தடிக்க முடியல அவுரால! தெனம் மாத்திர நாக்குல வெச்சிகினு ஒக்காந்து கீறாரு. சாமி தன் வேலையே முடிக்கல அத்த, நாம எதுக்குக் குடுக்கணும்?"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. அரோகரா போட்டவர்கள் கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் நம் கடையில் சைக்கிள் எடுப்பவர்கள். நைனா மெல்ல உட்கார்ந்தார். மாத்திரையை வாயில் வைத்தேன். என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். அத்தை காவடியைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே மேலே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நைனா ஒன்றே ஒன்று சொன்னார். "நோயாளின்னு ஊரு முன்னால சொல்லி என்னிய ஒக்கார வெச்சிட்டியே." அதோடு சரி. நான் வைக்கும் சோற்றைத் தின்கிறார், மாத்திரைக்குக் கை நீட்டுகிறார், பேச்சு இல்லை. நேற்று பால்காரர் வந்தவர், நான் பம்பை எடுப்பதற்குள் தானே எடுத்துக் காற்றடித்துக்கொண்டு போனார். நைனா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தை நீ பார்க்காமல் போனதே நல்லது.

நான் செய்தது தப்பா? நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்? அத்தை வீடு வீடாகப் போய், "பொண்ணே சாமிய மறிச்சிட்டா, இனி அவனுக்கு எது ஆனாலும் அவதான்" என்று சொல்கிறாளாம். சொல்லட்டும். ஆனால் அடுத்த ஆடிக்குத் தனியாகவாவது ஏறிவிடுவேன் என்று நைனா அத்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுதான் எனக்கு பயம்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நைனா நல்லா ஆகிற அன்றைக்கு நானே காவடியை அவர் தோளில் வைத்து, கையைப் பிடித்துப் படியேற்றிக் கூட்டிப் போகிறேன். அதுவரை அவர் கால் ஒரு படி மேலேயும் படாது. அந்த நாள் வராது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். தெரிந்துதான் இந்த வாக்கைக் கொடுக்கிறேன். சாமிக்குக் கோபம் வந்தால், வேண்டிக்கொண்டவள் நீ அங்கேதானே இருக்கிறாய், பதில் சொல்லிக்கொள்.

நைனாவை உன்னிடம் இப்போதைக்கு அனுப்பாத,
உன் ஒரே மகள்
கஸ்தூரி