மூன்று கடையிலும் பட்டினி

2025 செப்டம்பர் 4, வியாழன்

எனக்கு வார்டு சிஸ்டராகப் பதவி உயர்வு வந்ததைப் பதுளை பசார் முழுக்க றஷீனா சொல்லிவிட்டாள். அவளுடைய தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். சனிக்கிழமை நான் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டுமாம். முத்தையாவையும் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்தானே, வரட்டும். ஆனால், "அந்தப் பச்சச் சேலையக் கட்டு" என்று இரண்டு தரம் சொன்னாள். கொத்து ரொட்டி தின்ன எதற்குச் சேலை?

செப்டம்பர் 6, சனி

முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சைவக் கடை. தட்டு நிறைய வடை கொண்டுவந்து வைத்தார்கள். முத்தையா கண்ணால் தின்றானே தவிர கையால் தொடவில்லை. அடுத்தது கொத்துக் கடை. "வேணாம், நீங்க சாப்பிடுங்க." கடைசியில் பலூடா. அதையும் தொடவில்லை. அவன் வயிறு கத்தியது எனக்கே கேட்டது.

"கல்லாப்பெட்டியப் பூட்டுறப்ப வாயையும் பூட்டிட்டு வந்துட்டியா?" என்றேன். காது சிவக்கச் சிரித்தான். மனைவி இறந்து நாலு வருஷம்; புடவைக் கடையே கதி என்று கிடக்கிறான். வயிற்றில் புண்ணோ, சீனி வருத்தமோ, என்ன நோயோ. கவலையாக இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

முத்தையாவுக்குப் போன் எடுத்துத் திட்டினேன். செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு கிளினிக்குக்கு வரச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் "சரி" என்றான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

முத்தையாவைச் சோதித்துப் பார்த்தாயிற்று; ஒரு நோயும் இல்லை. "இவருக்கு என்ன செய்யுது, சிஸ்டர்?" என்று டாக்டர் என்னையே கேட்கிறார். அசடு வழிந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

றஷீனாவிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி பைத்தியக்காரி, அவன் ஒன்னயப் பொண்ணு பாக்க வந்தான்டி! ஒங்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு மூணு மாசமா என் கடைக்கு நடக்குறான். சாப்பாடு ஒன் செலவுன்னு நான் சொல்லிட்டேன். பொண்ணு சம்மதம் தெரியாம பொண்ணு வீட்டுச் சாப்பாட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு ஒக்காந்துட்டான். ஒங்க ஆளுங்க பழக்கத்த நான் வந்து ஒனக்குச் சொல்ல வேண்டியிருக்கு!"

கொத்துக் கடை எப்போது என் வீடானது?

நாப்பத்தாறு வயசுல எனக்கு இது தேவையா? டூட்டி முடிஞ்சு வந்து, கதவச் சாத்திட்டு, யாரையும் கேக்காம தூங்குற சுகம் — அத விட்டுட முடியுமா? பயமா இருக்கு. நிஜமாவே பயமா இருக்கு. ஆனா அந்த மனுசன் ஒன்னும் சொல்லாம மூணு கடையிலயும் பட்டினி கெடந்திருக்கான். நெனச்சா சிரிப்பு வருது. சிரிச்சு முடிச்சா அழுகை வருது.

செப்டம்பர் 12, வெள்ளி

முத்தையாவுக்குப் போன் எடுத்தேன். "ஞாயிறு பகல் எங்க வீட்டுக்கு வா. பசியோட வா."

செப்டம்பர் 14, ஞாயிறு

றஷீனாவும் வந்திருந்தாள். முத்தையா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தான். "சாப்பிடு" என்றேன்.

ஒரு வாய் வைத்ததும் அவன் கண் கலங்கியது.

"என்ன, ஒறைக்குதா?"

"இல்ல. பருப்புல உப்பு இல்ல."

றஷீனா சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். உப்பு எடுத்து வர எழுந்தேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். அந்தப் பருப்பையே ஊற்றி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.