மேட்டு வீட்டுக்கும் கரை வரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலியும் வாயும் எப்போதும் போலத்தான். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஆற்றங்கரையை உயர்த்தி, ஊருக்குள் தேங்கும் தண்ணீரை இறைக்கப் பெரிய பம்பும் வைக்கப் போகிறார்களாம். அரசாங்கப் பணம் போதாதாம், அதனால் இந்த வட்டாரத்தில் வீடு, கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் வருஷா வருஷம் வீட்டு வரியோடு கொஞ்சம் சேர்த்துக் கட்ட வேண்டுமாம். பாதிக்கு மேல் உரிமையாளர்கள் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். வீடு உன் பேரில் இருப்பதால் நீதான் சொல்ல வேண்டும், எங்கள் பேச்சு செல்லாது. ஆனாலும் அப்பா தாம்தூம் என்று குதித்தார். நாம மேட்டுல இருக்கோம், நம்ம வாசப்படியத் தண்ணி தொட்டதே இல்ல, பள்ளத்துல வீடு கட்டினவங்களுக்கு நாம எதுக்குத் தண்டம் அழணும் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பேசினார். உன்னிடமும் போனில் இதே பாட்டைத்தான் பாடியிருப்பார்.

போன வாரம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. சேற்றை மிதிக்க முடியவில்லை என்று அப்பா முற்றம் முழுக்க சிமென்ட் போட்டாரே, அதில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை, எல்லாம் வழிந்து தெருவில் விழுந்து கீழ்த்தெருவைப் பார்த்து ஓடியது. ஆறு நிரம்பியிருக்கும்போது அங்கிருந்து அது எங்கே போகும்? அப்பாவிடம் சண்டை போடவில்லை, குடையைக் கையில் கொடுத்து, நம்ம வீட்டுத் தண்ணி எங்க போகுதுன்னு பார்த்துட்டு வாங்க என்று மட்டும் சொன்னேன். போனவர் தொப்பலாக நனைந்து, உன் அத்தையின் தையல் மிஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பின்னால் அத்தை, தைக்க வாங்கிய துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு. தங்கை வீடும் அந்தப் பள்ளத்தில்தான் என்பது மனுஷனுக்கு அதுவரை உறைக்கவில்லை.

மிஷின் இப்போது நம் முன்னறையில் ஓடுகிறது. இன்னொரு மழை வந்தால் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு எங்காவது போய்விடுவேன் என்கிறாள் அத்தை. அப்பா இப்போது தெருவில் யாரையும் நிறுத்திப் பேசுவதில்லை. உன்னிடம் சம்மதி என்று சொல்ல அவருடைய வீம்பு இடம் கொடுக்காது. இன்று காலை நான் இதை எழுத உட்கார்ந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த வரிய நானே கட்டிக்கிறேன்னு எழுது என்றார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கரை வேலைக்குச் சம்மதமா என்பதற்குப் பதில் போடாதவர்களை வேண்டாம் என்றவர்களோடு சேர்த்துவிடுவார்களாம், மறந்துவிடாதே கண்ணு.

உன் அம்மா