மூன்று மில்லி ஆட்டம்

மே 29, 2025, வியாழன்

இன்று பிரேக் பாகம் நாற்பது பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். சூப்பர்வைசர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். இறுக்கிய திருகின் மேல் மஞ்சள் கோடு இல்லாமல் வரும் எதற்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஷா ஆலம் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக இதுதான் என் வேலை.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் எங்கள் ரிமோட் விமானக் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் சுகுமாறன் அண்ணன். கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி அவர்தான். ஜூன் 29 பொதுமக்கள் நாள், ஊரார் எல்லாம் பார்க்க வருவார்கள். ஐம்பது சிசிக்கு மேற்பட்ட பெட்ரோல் விமானங்கள் ஏழு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் தொண்ணூற்றாறு டெசிபலைத் தாண்டக் கூடாது, எஸ்டேட் வீடுகளிலிருந்து புகார் வந்திருக்கிறதாம். நியாயம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே தனியாக ஒரு வரி: "சந்திரகலா, உங்க பிளேனுக்கு யாராச்சும் மஃப்ளர் செட் பண்ணிக் குடுக்கணும்னா சொல்லுங்க."

பெரிய விமானம் வைத்திருப்பவர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் ஆண்கள். அவர்களிடம் இதைக் கேட்டாரா? நூற்றுப் பத்துப் பேர் இருக்கும் குழு அது.

போன வருஷம் பொதுமக்கள் நாளில் மைக்கில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பரமேஸ்வரன் கட்டிய விமானம், ஓட்டுவது அவர் மனைவி." என் கணவர் அதில் ஒரு குச்சிகூட ஒட்டவில்லை. இந்த வருஷம் கட்டியதும் சந்திரகலா, ஓட்டுவதும் சந்திரகலா என்று மைக்கில் சொல்ல வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஜூன் 4, புதன்

சத்தத்தைக் குறைக்கும் கேனிஸ்டர் மஃப்ளர் ஏற்றி முடித்துவிட்டேன். மூன்று நாள் சாயங்காலம் போயிற்று.

பழைய குட்டை மஃப்ளரைக் கழற்றியாயிற்று. இது முழங்கை நீளம், விமானத்தின் வயிற்றுக்குள் படுத்திருக்கும். எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுவரும் ஹெடர் குழாய் வளைந்து வருகிறது. அதன் வாய்க்கும் கேனிஸ்டர் வாய்க்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலே டெஃப்லான் உறை போட்டு, இரண்டு பக்கமும் வளையம் கட்டினேன். கேனிஸ்டரின் பின்பக்கம் இரண்டு சிலிக்கான் ரப்பர் நடுவே உட்காருகிறது. அங்கேதான் சூட்சுமம். திருகு ரப்பரைத் தொட்டால் போதும், நசுக்கக் கூடாது. அறுபது சிசி ஒற்றை சிலிண்டர், ஓடும்போது பேய் பிடித்த மாதிரி குலுங்கும். கேனிஸ்டரும் கூடவே ஆட இடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அத்தனை குலுக்கலும் ஹெடர் கழுத்துக்குப் போய்விடும். கையால் பிடித்து ஆட்டினால் மூன்று மில்லி ஆடுகிறது. சரி. வேலையிடத்துப் பழக்கம், திருகின் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு போட்டேன். திருகு சுற்றினால் கோடு பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பரமேஸ் வந்து எட்டிப் பார்த்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனுஷன். வேனில் எங்காவது கடகடவென்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது, அட்டையை மடித்துச் செருகுவார், எதையாவது முறுக்குவார். விரலை விட்டு ஆட்டிப் பார்த்து, "ஆடுதே கலா" என்றார். "தொடாதீங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். போய்விட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

தொண்ணூற்று மூன்று! சத்தம் அளக்கும் மீட்டரைப் பிடித்திருந்தவர் சுகுமாறன் அண்ணனேதான். இரண்டு தடவை அளந்தார், நம்ப முடியாமல்.

பிறகு கேட்காமல் கொள்ளாமல் விமானத்தின் வயிற்றுக்குள் கையை விட்டார். என் கைப்பைக்குள் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. ஆட்டினார். "என்னம்மா இது, மாட்டு மணி மாதிரி ஆடுது. யாரு செட் பண்ணிக் குடுத்தா?" அவரும் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பரமேஸ் சாப்பாட்டுக் கூடையோடு அங்கேயே நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு மேலே ஏற்றினேன். பத்து நிமிஷம். வட்டம், தலைகீழ், செங்குத்து ஏற்றம். மணி ஆடிக்கொண்டேதான் பறந்தது. இறங்கியபோது எல்லோரும் அவரவர் விமானத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கிளப் தலைவர் உமர் மட்டும், "நல்லா இருந்துச்சுக்கா" என்று தே தாரிக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கடைத் தேநீர், நன்றாக இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

விமானம் போச்சு.

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டேன். நேற்று எழுத முடியவில்லை.

நான்காவது நிமிஷம். வயிற்றிலிருந்து ஒரு கீற்றுப் புகை. எஞ்சின் நின்றது. ஓடுபாதைப் பக்கம் திருப்பினேன், உயரம் போதவில்லை, செம்பனைத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது. எட்டு மாத வேலை. இடது இறக்கை மட்டையில் தொங்கியது. பரமேஸ்தான் ஏறி எடுத்தார். வேனை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டிவந்தார்.

பனை வரிசையிலிருந்து நாங்கள் வெளியே வருவதற்குள் சுகுமாறன் அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டார். "நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல, ஆடுதுன்னு. லூசா விட்டா இப்படித்தான் லா." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலை மட்டும் நன்றாக ஆடும் இவர்களுக்கு.

இன்று காலை குழுவில் புது விதி: சந்திரகலாவின் விமானம் இனிமேல் மேலே போகும் முன் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். என்னுடையது மட்டும். தினம் ஐந்நூறு திருகு சரிபார்க்கிறவள் நான். எனக்கு வாத்தியார் வேண்டுமாம்!

ஜூன் 18, புதன்

உடைந்ததை மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஹெடர் கழுத்து சுற்றிலும் கீறல் விட்டிருக்கிறது. அந்த வெடிப்பு வழியாகச் சூடு வயிற்றுக்குள் அடித்து, ஸ்பார்க் வயரை உருக்கிவிட்டது. அதனால்தான் எஞ்சின் நின்றது.

கழுத்து ஏன் வெடித்தது? பின்பக்கத்தைப் பார்த்தேன். ரப்பர் இரண்டும் அப்பளமாக நசுங்கியிருக்கின்றன. மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. திருகு முழுசாக ஒன்றரைச் சுற்று இறுகியிருக்கிறது. விழுந்த அடியில் திருகு சுற்றாது. யாரோ சாவி போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. சட்டைப் பையில் எப்போதும் திருகு முறுக்கும் அலன் சாவிக் கொத்து வைத்திருப்பவர் யார்? அன்றைக்குக் காலையிலும் வயிற்றுக்குள் கையை விட்டது யார்? நான் பெட்ரோல் எடுக்க வேனுக்குப் போய்த் திரும்பும்போது கண்ணால் பார்த்தேனே. நான் செய்தது தப்பு என்று அவருக்கு முடிவாகிவிட்டது, திருத்திவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

சரி, ஏற்றும் முன் கோட்டைப் பார்த்தாயா நீ? — பார்க்கவில்லை. அவர் முறைத்துக்கொண்டு நின்றார், எரிச்சலில் சீக்கிரம் கிளப்பிவிட்டேன். என்ன இருந்தாலும் பார்த்திருக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

ஜூன் 19, வியாழன்

படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நசுங்கிய ரப்பர், பிரிந்த கோடு, எல்லாம். கீழே எழுதினேன்: "இதை இறுக்கியது நான் இல்லை. 15ஆம் தேதி காலை யார் கை என் விமானத்துக்குள் இருந்தது என்று எல்லாரும் பார்த்தீங்க. சுகுமாறன் அண்ணே, பதில் சொல்லுங்க."

அரை மணி கழித்து வந்தது. "கையால தொட்டேன். சாவி போட்டுத் தொடல."

"நம்பச் சொல்றீங்களா?" என்று போட்டேன். நன்றாக இருந்தது. கிளப்பில் சேர்ந்த நாலு வருஷத்துக் கோபம்.

ஜூன் 21, சனி

உமர் போன் செய்தார். "அக்கா, அண்ணே பதவிய விட்டுட்டாரு. குரூப்லேர்ந்தும் போய்ட்டாரு. முப்பது வருஷமா பறக்க விட்டவரு. வேற மாதிரி பேசியிருக்கலாம் லா." நான் வேறு மாதிரி பேசணுமாம். என்னை மாட்டு மணி என்றபோது இவர் எங்கே போயிருந்தார்?

பரமேஸிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. "அவருதான்னு நிச்சயமா தெரியுமா?" என்றார். என் வீட்டிலேயே எனக்கு ஆள் இல்லை. கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு.

ஜூன் 29, ஞாயிறு

பொதுமக்கள் நாள். போகவில்லை. மைக்கில் யார் பெயரைச் சொன்னார்களோ.

ஜூலை 3, வியாழன்

எழுதிவிடுகிறேன், மறக்கக் கூடாது.

என் காருக்கு பேட்டரி செத்துவிட்டது. வேனை எடுக்கலாம் என்று பரமேஸின் சாவிக் கொத்தை ஆணியிலிருந்து எடுத்தேன். வேன் சாவி, கேட் சாவி, அதோடு அலமாரி வாங்கியபோது கூட வந்த எல் வடிவ அலன் சாவி. வேனில் எதையாவது முறுக்க அதைத்தான் வைத்திருப்பார். அதன் முனையில் மஞ்சள்.

நான் போட்ட மஞ்சள். வேலையிடத்திலிருந்து எடுத்துவந்த டப்பா. எனக்குத் தெரியாதா அந்த நிறம்.

முற்றத்தில் வேன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். சாவியை நீட்டினேன். நான் கேட்கும் முன் அவரே சொன்னார்.

"அன்னிக்கு காலையில வேன்ல ஏத்துறப்ப டக்கு டக்குன்னு ஆடுச்சு. அதுக்கு முன்னாடி வாரம் உன்னப் பாத்து எல்லாம் சிரிச்சாங்க. மறுபடி சிரிக்கக் கூடாதுன்னு முறுக்கிட்டேன்."

"பதினெட்டு நாளு. அந்த மனுஷன நான் கிழிகிழின்னு கிழிச்சேன். வாய மூடிக்கிட்டு இருந்தீங்களே?"

"சொல்ல வந்தேன் கலா. ரெண்டு வாட்டி. நீ சத்தம் போட்டுட்டு இருந்த."

சாவியை வீசினேன். சாக்கடையில் விழுந்தது. வேலைக்கு கிராப் டாக்ஸி பிடித்துப் போனேன்.

ஜூலை 4, வெள்ளி

பேசவில்லை. அவர் சமைத்தது அடுப்பிலேயே இருக்கிறது.

எனக்காக முறுக்கினாராம். எல்லாரும் எனக்காகத்தான் செய்கிறார்கள்! கேட்டுவிட்டுச் செய்ய ஒருத்தருக்கும் வாய் இல்லை. சுகுமாறனும் இவரும் ஒன்றுதான். இல்லை, இவர் இன்னும் மோசம். அவர் சிரித்தார், இவர் உடைத்தார், உடைத்துவிட்டு ஒளிந்துகொண்டார்.

தேதியெல்லாம் சரியாக வைத்துக்கொண்டு நாளைக்கு இவரை ஒரு பிடி பிடிக்கலாம் என்று இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜூன் 4. "தொடாதீங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாது." அதற்கு மேலே எட்டு வரி, ஏன் ஆட வேண்டும், எவ்வளவு ஆட வேண்டும், இறுக்கினால் என்ன ஆகும் என்று. அத்தனையையும் நோட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற மனுஷனுக்குச் சொல்லவில்லை.

அதே வாக்கியத்தை கிளப்பில் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குறையவில்லை. போக இடம் தெரியாமல் நிற்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ் போனோம். சுகுமாறன் அண்ணன் விளக்குக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறும் திறந்திருக்கும். நான் கிளம்பியதும் பரமேஸே வேனை எடுத்தார்.

கடையில் நான் வாய் திறக்கும் முன் இவர் சொல்லிவிட்டார். "அண்ணே, நான்தான் முறுக்குனேன். இவளுக்கே வியாழக்கிழமைதான் தெரியும்."

அவர் ஒரு பல்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஏற்றும் முன் கோட்டைப் பார்க்காமல் விட்டதையும் சொன்னேன்.

"குரூப்ல போட்டத நூத்திப் பத்து பேரு பாத்தாங்க" என்றார். "இங்க கேக்குறது மூணு பேருதான்மா."

கடை வாசலில் நின்றே குழுவில் எழுதினேன். முறுக்கியது பரமேஸ் என்று போட்டு, என் தப்பையும் போட்டு, அனுப்பினேன். பிறகு உள்ளே போய், "என்னப் பாத்து நீங்க சிரிச்சதும் தப்புதான் அண்ணே. அதையும் சொல்லிட்டுத்தான் போவேன்" என்றேன். அவர் அடுத்த பல்பை எடுத்துத் துடைத்தார். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது உடல் கட்டத் தொடங்கினேன். பசை காயும் வரை பிடிக்க ஆள் வேண்டும், இவரைக் கூப்பிட்டேன். நாலு மணி நேரம் பேசினேன். இவ்வளவு பேச இருந்ததா என்று எனக்கே தெரியாது. நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நல்ல கேள்வி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முதல் ஓட்டம். என் விமானத்துக்கு மட்டும் போட்ட விதி இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி உமருக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன், "கமிட்டில பேசறேங்கா" என்கிறார். எரிச்சலாகத்தான் இருக்கிறது. கோட்டை நானே இரண்டு தடவை பார்த்தேன். பிறகு, "யாருப்பா செக் பண்ணப் போறீங்க?" என்று சத்தமாகக் கேட்டேன். அவரவர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

சுகுமாறன் அண்ணன் எழுந்து வந்தார். பதவி இல்லை, சும்மா பார்க்க வந்தவர். குனிந்தார். வயிற்றுப் பக்கம் போன கை நடுவிலேயே நின்றது.

"தொடலாமாம்மா?"

தலையசைத்தேன். விரலால் மெல்ல ஆட்டினார். வழக்கம்போல யாரு செட் பண்ணிக் குடுத்தா என்ற கேள்வி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"எவ்ளோ ஆடணும்?" என்றார்.

வாலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்த பரமேஸ், நான் வாய் திறக்கும் முன், "மூணு மில்லிண்ணே. ரப்பர தொட்டா போதும், நசுங்கக் கூடாது. நசுங்குனா கழுத்து போய்டும்" என்றார்.

அண்ணன் இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பினேன்.