என் குரலில் உன் மகள்

அடியே,

நேற்று நானுஓயா ஸ்டேசனுக்கு வெளியே ஒரு ஆட்டோ நின்றது. பின்கண்ணாடி முழுக்க மஞ்சள் எழுத்தில் 'மூட்டைப்பனி' என்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு குட்டி மைக்கின் படம் வேறு. லீவுக்கு வந்திருந்த தங்கச்சியைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. ஆட்டோக்காரத் தம்பி, "என்னாக்கா, டவுனுக்கா? ஏறுங்க" என்றான். "இது என்னா தம்பி, மூட்டப்பனின்னா?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

"ஐயோ, தெரியாதா? நம்ம ஆளுங்களோட பழைய வார்த்தக்கா. காலையில ரேடியோவுல பேசுற அந்தப் பொண்ணு சொல்லுமே. நம்ம தாத்தா காலத்துலேருந்து இருக்காம்!"

தாத்தா காலமாம், மண்ணாங்கட்டி. அந்த வார்த்தைக்கு வயது நாற்பதுகூட இருக்காது. அது பிறந்தது இறம்பொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக நிற்கும் எங்கள் லயத்தில், நாங்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பிராவுக்குள். என் தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. கதவைத் திறந்தால் எதிர் லயம் தெரியாத ஒரு காலையில், பனிமூட்டம் என்று சொல்ல வராமல் "மூட்டப்பனி, மூட்டப்பனி" என்று கத்தினாள். அப்பா கொழுந்து மூட்டை தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவள். பனியையும் யாரோ மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அவிழ்த்துக் கொட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அதே பேச்சு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அம்மா மிரட்டி வைத்திருந்ததால், நாங்கள் யாரும் அதை வெளியே சொன்னதில்லை. நான் ஒரே ஒரு இடத்தில்தான் சொன்னேன். உனக்கு அனுப்பிய பதிவில்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இந்த நாட்டில் தமிழ் கேட்கிற வீடுகளில் உன் குரலைத் தெரியாத வீடு இல்லை. நீ போனபோது எல்லாச் சேனலிலும் உன் படம், எல்லோர் கைப்பேசியிலும் உன் பழைய நிகழ்ச்சிகள். கொழும்பு வீட்டுக்கு வெளியே பூ வைக்க வரிசையில் நின்றார்களாம். நான் வரவில்லை. வர முடியாமல் இல்லை. வரவில்லை.

ஆனால் உன்னை நினைக்கிறபோதெல்லாம் முதலில் வந்து நிற்பது அந்தப் பிரபல அறிவிப்பாளர் இல்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியன்று, கிழிந்த சப்பாத்தோடு மைதானத்தைக் குறுக்கே கடந்து போன ஒருத்திதான். மைக் பிடிக்கக் கணக்கப்பிள்ளை மகளைப் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை பெரிய ஆள். அவர் மகளுக்கு நாடகத்தில் ராணி வேஷம், விழாவில் வரவேற்புரை, எல்லாம் கேட்காமலே கிடைக்கும். பாவம், அவளுக்கு மைக்கைக் கண்டாலே தொண்டை அடைக்கும். ஓடுகிற பிள்ளைகளின் பெயரைக்கூட அவள் தப்பும் தவறுமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நீ நேராகப் பள்ளிக்கூட அதிபர் முன்னால் போய் நின்றாய்.

"சேர், கணக்கப்பிள்ள ஐயா மகளுன்னா மைக்கும் அவங்களுக்குத்தானா? இவள ஒருக்கா பேசச் சொல்லிப் பாருங்க!"

உன்னை இல்லை, என்னைத்தான் முன்னால் தள்ளினாய். அதிபர் உன் காதைத் திருகிவிட்டு, பிறகு என்னவோ நினைத்து மைக்கை என் கையில் கொடுத்தார். நூறு மீட்டர் ஓட்டத்தில் நான் வாய் திறந்தேன், பரிசளிப்பு வரைக்கும் மைக் நம் கையைவிட்டுப் போகவில்லை. பாதி நேரம் நான், பாதி நேரம் நீ. பொம்பளைகள் கொழுந்துக் கூடையோடு மேல் ரோட்டில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். நியாயம் கேட்கிற ஒருத்தி எனக்குச் சிநேகிதியாகக் கிடைத்திருக்கிறாள் என்று அன்றைக்கு அம்மாவிடம் பெருமையடித்தேன்.

பிறகு நீ கொழும்புக்குப் போனாய். சிபாரிசு இல்லை, தெரிந்த ஆள் இல்லை, சொந்தத் தொண்டையால் உள்ளே நுழைந்தாய். அதை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துப் பேச்சை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார்கள் உன்னை. அந்த வருசத் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, "நேற்று மாலை வந்து சேர்ந்தேன்" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏய், என்னாடி நியூஸ் வாசிக்கிற?" என்று கேட்டதற்கு நீயும் சிரித்தாய். அது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நான் ஹட்டனில் துணிக்கடையில் மைக் பிடித்தேன். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சித்திரை வருசத்துக்கும் கடைவாசலில் நின்று, "வாங்கம்மா வாங்க, உள்ளார வந்து பாருங்க, பாக்குறதுக்குக் காசில்ல" என்று கூவுகிற வேலை. முதலாளி முஸ்லிம், 'நானா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், நல்ல மனிதர். "தங்கச்சி, ஒங்கட சத்தத்துக்குத்தான் சனம் கடைக்குள்ள வாற" என்பார். எனக்கும் அதில் குறையொன்றும் இருக்கவில்லை, நீ வந்து நிற்கிற வரைக்கும்.

ஐந்து வருசம் ஆகிறது அதற்கு. கடைக்கு முன்னால் உன் கார் நின்றதும் சனம் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தது. நீ அவ்வளவு பேரையும் விலக்கிவிட்டு, நான் கூவி முடிக்கும்வரை ஓரமாக நின்று கேட்டாய்.

"இன்னமும் அதே தொண்டதானாடி ஒனக்கு?" என்று கட்டிக்கொண்டாய். பிறகு சேலைக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து விசயத்தைச் சொன்னாய். "எங்க சேனல்ல புதுசா ஒரு காலை ப்ரோக்ராம் வருது. மலையகத்து ஆளுங்க பேசுற மாதிரியே பேசுற ஆள் வேணுமாம். இப்ப அதுக்குத்தான் மவுசு."

"என் வயசு என்னான்னு தெரியுமா ஒனக்கு?"

"ரேடியோவுல மூஞ்சியா தெரியப்போகுது? நீ பேசி அனுப்பு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

இந்த இடத்தில் என்னையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். 'நான் பாத்துக்கிறேன்' என்று நீ சொன்னபோது என் மனசு குளிர்ந்தது. எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பார்களே, நான் மட்டும் ஏன் ஒரு சிநேகிதியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் பக்கம் சாய்கிற தராசு எனக்குச் சரியான தராசாகத்தான் தெரிந்தது.

ஒரு மாதம் பேசி அனுப்பினேன். கடைக்குப் பின்னால், துணிக்கட்டு அடுக்குகிற அறையில் உட்கார்ந்து, கைப்பேசியை வாயருகில் வைத்துக்கொண்டு. நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறதைச் சொல்லு. அட்டை கடிச்சதைச் சொல்லு. கோபமாப் பேசு. சிரிச்சிக்கிட்டே பேசு. அந்த வரியை மெதுவா ஒருதரம் சொல்லு, இப்போ வேகமா ஒருதரம். ஆள் எடுக்கிறவர்கள் ஏன் ஒரே வரியை இரண்டு விதமாகக் கேட்கிறார்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. உன்மேல் எனக்குச் சந்தேகமே வந்ததில்லையடி. சித்திரையோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

சித்திரை முடிந்து நீ செய்தி அனுப்பினாய். "அந்த ப்ரோக்ராம வேணாம்னுட்டாங்கடி. மேலிடத்துல முடிவு. மன்னிச்சுக்க." நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "பரவால்ல, நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்று உன்னைத் தேற்றினேன். மறுநாள் முதலாளி முன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் மைக்கை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து கொழும்புப் பக்கம் வத்தளையிலிருந்து தங்கச்சி போன் பண்ணினாள். மூச்சு வாங்க, "அக்கா, ரேடியோவுல பேசுறியா நீ? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா! பஸ்ஸுல கேட்டேன். நீ மூட்டப்பனின்னு சொன்னதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு" என்றாள்.

"நான் இல்லடி."

"சும்மா இரு. ஒன் பேச்சு எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை நானும் கேட்டேன். நான் இழுக்கிற இடத்தில் இழுத்தது அந்தக் குரல். நான் மூச்சுவிடுகிற இடத்தில் மூச்சுவிட்டது. வாக்கியம் முடிந்ததும் 'ம்க்கும்' என்று மூக்கால் ஒரு சத்தம் போடுவேனே, எனக்கே பிடிக்காத பழக்கம், அதுவும் இருந்தது. முடிவில் உன் மகளின் பெயரைச் சொன்னார்கள். ஏழு வயதில் ஒருமுறை நீ அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தபோது, அட்டைக்குப் பயந்து காரைவிட்டு இறங்காத பிள்ளை. நான் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினேன், கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது, பெரட்டுக்குப் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கிய கதையைத் தன் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ மறுப்பாய் என்று நினைத்தேன். மறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"எம்புள்ளைக்கு நான் செய்யாம வேற யாருடி செய்வா? எல்லாரும் அவங்கவங்க புள்ளையத்தான் கொண்டுவாறாங்க. நான் மட்டும் என்னா, தியாகியா? ஒங்கிட்ட பேசுனா வருது, அவளுக்கு அந்தப் பேச்சச் சொல்லிக் குடுக்கலாம்னு ஒக்காந்தா எனக்கே நாக்குல வரமாட்டேங்குது. பாதி மறந்துபோச்சு. என்னா செய்யச் சொல்ற?" என்றாய்.

நான் போனை வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன், கேள். எங்கள் முதலாளி தன் மகனைக் காசு மேசையில் உட்காரவைத்தார். யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அது அவர் கடை. ரேடியோ உன் வீட்டுக் கடையா? நடிகர் மகன் நடிகன், செய்தி வாசிக்கிறவர் மகள் செய்தி வாசிக்கிறாள், நட்சத்திர வாரிசு என்று அரைப்பக்கம் படம் போடுகிறார்கள். சரி, போட்டுத் தொலையட்டும். அப்பன் முகம், அம்மா பேர், அவர்களுக்குச் சொந்தமானதைப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். நீ உன்னுடையதைக் கொடுக்கவில்லையே. இன்னொருத்தி வீட்டுக்குள் கைவிட்டு எடுத்து உன் மகளுக்குக் கொடுத்தாய். உன் மகளிடம் உன் பெயர் இருந்தது, வீடு இருந்தது, கொழும்பே இருந்தது. என்னிடம் இருந்தது அந்தத் தொண்டை ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நாம் பேசவேயில்லை. நீ நாலைந்து தடவை போன் பண்ணினாய், நான் எடுக்கவில்லை. நோய் என்று கேள்விப்பட்டேன், அப்போதும் எடுக்கவில்லை.

முந்தாநாள் மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. எடுத்து, "ஹலோ, யாருங்க?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "யாருங்க பேசுறது? கேக்குதுங்களா?" என்று திரும்பக் கேட்டேன்.

"ஆன்ட்டி..." என்று உன் பெயரைச் சொல்லி, "நான் அவங்களோட மகள்" என்றாள். அவள் குரல், அவளுடைய சொந்தக் குரல், மெல்லிசாக இருந்தது. "அம்மாவோட நினைவு நிகழ்ச்சிக்குப் பள்ளிக்கூட சிநேகிதி யாராவது பேசினா நல்லா இருக்கும்னு, உங்க நம்பர அதிபர்கிட்ட வாங்கினேன். ஆன்ட்டி, தயவுசெஞ்சு இன்னும் கொஞ்சம் பேசுங்க."

"என்னா பேச?"

"என்னவும். எனக்கு இந்தக் குரல் தெரியும். இருபத்தேழு ரெக்கார்டிங். எல்லாம் எனக்கு மனப்பாடம்." அவளுக்கு மூச்சு இரைத்தது. "ஆனா அம்மா சொன்னாங்க... அந்த ஆன்ட்டி செத்துட்டாங்கன்னு."

நான் பக்கத்திலிருந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது முதலில், நம்புவாயா? அம்மா எப்போது அப்படிச் சொன்னாள் என்று அவளைக் கேட்டேன்.

"ரெக்கார்டிங் கேக்க ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே. இவங்கள நான் பாக்கணும், இவங்ககிட்டயே படிக்கணும்னு அடம்பிடிச்சேன். அப்பதான் சொன்னாங்க. எல்லாம் பழைய ரெக்கார்டிங்னு சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க, ஆன்ட்டி. சாப்பிடக்கூட இல்லாம அழுதாங்க. நான்தான் தண்ணி குடுத்தேன்."

அவளும் அழத் தொடங்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நீ அழுதது நடிப்பில்லை, அது எனக்குத் தெரியும். உனக்குப் பொய்யாக அழ வராது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஹட்டனில் உட்கார்ந்து, "இன்னும் நாலு வரி பேசி அனுப்பவாடி?" என்று உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்காக, அவள் உயிரோடு இருக்கும்போதே நீ அழுது முடித்துவிட்டாய். நீ செத்து மூன்று மாதமாகிறது. உனக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எழுதினாலாவது வருமா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவும் எழுதிவிட்டேன். இன்னும் வரவில்லை, போடி.